கட்டுச்சோத்து மலை

எங்கள் கல்லூரி நூலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் கேட்டாள். "அக்கா, நீங்க நெறைய மலை ஏறுவீங்களாமே. மதுரையச் சுத்தி எங்கள மாதிரி புதுசா ஏறுறவங்களுக்கு எது ஈசி, எது கஷ்டம்னு சொல்லுங்களேன். ஞாயித்துக்கெழம நாலஞ்சு பேரு கெளம்பலாம்னு இருக்கோம்."

அவள் கேட்டது சாதாரணக் கேள்வி. நான்தான் பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடிவிட்டுக் கைகழுவப் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டபடி கொஞ்ச நேரம் நின்றேன். இந்தக் கேள்விக்கு விழுந்து விழுந்து பதில் சொல்லியிருக்கக்கூடிய ஆள் என் வீட்டுக்காரர். கேட்டவர் போதும் போதும் என்று கும்பிடுகிற வரைக்கும் சொல்லியிருப்பார். அவர் காலமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் பயந்துபோய், "தப்பா எதுவும் கேட்டுட்டேனாக்கா?" என்றாள். "அதெல்லாம் இல்லம்மா. யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அப்படி யோசித்ததைத்தான் எழுதுகிறேன். மலை ஏறுவதற்கு இது எந்த அளவுக்குப் பயன்படும் என்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரரிடம் ஈசி, கஷ்டம் என்கிற பேச்சே கிடையாது. அவர் மலைகளைச் சாப்பாட்டை வைத்துத்தான் பிரித்து வைத்திருந்தார். வெறுங்கை மலை, இட்லி மலை, கட்டுச்சோத்து மலை. வெறுங்கை மலை என்றால் விடிந்ததும் ஏறி இறங்கி, காலைப் பலகாரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். தண்ணீர் பாட்டிலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். இட்லி மலைக்கு, பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியை இலையில் மடித்துக்கொண்டு போக வேண்டும். மேலே போய் உட்கார்ந்தால் பசிக்கும், சாப்பிட்டால்தான் இறங்க முடியும். கட்டுச்சோத்து மலை என்றால் திரும்பிவர உச்சிப்பொழுது தாண்டிவிடும். அதற்கு நான் முதல்நாள் ராத்திரியே புளியை ஊற வைத்துவிட்டுப் படுக்க வேண்டும்.

பசுமலையும் அரிட்டாபட்டிக் குன்றும் அவர் கணக்கில் வெறுங்கை. கீழக்குயில்குடியில் சமணர் மலை இட்லி மலை. பாறையிலேயே படி வெட்டியிருக்கிறார்கள், பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்கிறது, ஆனால் படி முடிந்த பிறகுதான் மலை ஆரம்பிக்கிறது. அழகர்மலையில் கோவிலிலிருந்து தீர்த்தம் வரைக்கும் சோலைக்குள் நடப்பதும் இட்லிதான். "அங்கிட்டுப் போறதுன்னா குரங்குக்கும் சேத்துக் கட்டு" என்பார். யானைமலை உச்சியும் நாகமலையின் முதுகும் கட்டுச்சோறு. யானைமலையை ஒத்தக்கடைப் பக்கமிருந்து பார்த்தால் யானை சொகுசாகப் படுத்திருக்கிறது. அதன்மேல் ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் அது எப்பேர்ப்பட்ட வழுக்குப் பாறை என்று தெரியும். வெயில் ஏறிவிட்டால் செருப்பைத் தாண்டிச் சுடும். நாகமலையில் பாதை என்றே ஒன்று கிடையாது. முள்ளை விலக்கிவிட்டு நாமே ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தப் பிரிவினை எனக்காக வந்தது. நூலகத்தில் மேல்தட்டுப் புத்தகம் எடுக்க ஏணியில் ஏறினாலே இரைக்கிற உடம்பு என்னுடையது. அவருக்கு எல்லா மலையும் ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன்பு மேலூர்ப் பக்கம் ஒரு கல் குவாரியில் பாறையில் துளை போடுகிற மிஷின் பிடிக்கும் வேலையில் இருந்தவர் அவர். நாள் முழுக்க அந்த மிஷின் அதிரும், இவரும் கூடவே அதிர்வார். கல்யாணமானதும், குவாரி வேண்டாம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அங்கே வெடி வைப்பார்கள், எனக்கு வெடி என்றால் பயம். தூசியைப் பற்றி எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. மனுஷன் மறுபேச்சுப் பேசாமல் விட்டுவிட்டு வந்து, ஆனையூரில் டூவீலர் ஒர்க்‌ஷாப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப் லீவு. "அம்புட்டுக் கல்ல ஒடச்சாச்சு. ஒடைக்காத கல்லு மேல கொஞ்சம் போய் உக்காந்துட்டு வருவோம், வா" என்று என்னை இழுத்துக்கொண்டு கிளம்பியது அப்படித்தான். மகள் சின்ன வயதில் இரண்டு தடவை வந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையைக் கல்லில் கொண்டுபோய்க் கொட்டுகிற அப்பா அம்மா உலகத்தில் வேறு யாருக்கும் இல்லை என்று சொல்லி நின்றுகொண்டாள். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள்.

எங்கள் ஊர் கொட்டாம்பட்டிக்குப் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் வயல், மூன்று பெண்கள். நான் மூத்தவள், பி.ஏ. படித்தவள். இவர் பத்தோடு படிப்பை முடித்தவர். இதை வைத்து அவர் ஒரு கேலி வைத்திருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும், காபி கொடுத்து முடிப்பதற்குள் அது வந்துவிடும். "மூணு பொண்ணு வச்சிருந்தவரு, ஒண்ணாவது கழியட்டும்னு படிச்ச பொண்ணக் கொண்டாந்து கல்லொடைக்கிறவன் தலையில கட்டிட்டாரு. அதுவும் பாவம், வேற வழியில்லாமக் கழுத்த நீட்டிருச்சு." வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும், "ஆமா, என் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போவேன். ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகும் அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்ப்பார். வேறு பதில் ஏதாவது வருமா என்று பார்க்கிற பார்வை அது. எங்கள் வீட்டில் ஆசையை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. குழம்பில் உப்பு சரியாக இருந்தால் அதுவே பெரிய ஆசை. வருஷக்கணக்கில் தலையெழுத்து என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மலையில் யார் மெதுவோ அவர்தான் முன்னால் போக வேண்டும் என்பது அவருடைய சட்டம். வேகமாகப் போகிறவன் முன்னால் போனால் மெதுவாக வருகிறவர் தனியாகிவிடுவார். அதனால் எப்போதும் நான் முன்னால், அவர் பின்னால். பின்னாலிருந்து கதை வந்துகொண்டே இருக்கும். ஒர்க்‌ஷாப்புக்கு வந்த புல்லட்காரரின் ஜம்பம், குவாரியில் பாம்பு புகுந்த அன்றைக்கு லாரி மேல் ஏறி நின்ற மேஸ்திரி, பொண்டாட்டிக்குத் தெரியாமல் பைக் வாங்கி எங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே ஒளித்து வைத்திருந்த ஒரு வாத்தியார். என் வேலை 'ம்' கொட்டுவது. கதை கேட்கிறவர் ம் கொட்டாவிட்டால் சொல்கிறவருக்கு நாக்கு எழாது அல்லவா. ஒரு ம் தவறினாலும் போதும். "கேக்குறியா, நடந்துக்கிட்டே தூங்குறியா?" என்று பின்னாலிருந்து குரல் வரும். மூச்சு வாங்குகிற நேரத்தில் எனக்கும் அதுதான் வசதி. ம் போதும், பேச வேண்டியதில்லை.

இருமல் எப்போது ஆரம்பித்தது என்று யாரும் கவனிக்கவில்லை. கொசுவர்த்திப் புகை என்றோம், ஒர்க்‌ஷாப் பெட்ரோல் வாடை என்றோம். எடை குறைந்தபோது டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள். மாதக்கணக்கில் தின்றார், ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே, "இதுக்கு முன்னாடி என்ன வேல பாத்தீங்க?" என்று கேட்டார். ஒர்க்‌ஷாப் என்றார் இவர். "அதுக்கும் முன்னாடி?"

கல்தூசு என்று சொன்னார் அந்த டாக்டரம்மா. உள்ளே போனது அங்கேயே தங்கி நுரையீரலைக் கொஞ்சங்கொஞ்சமாக இறுக்கிக்கொண்டு வருகிறதாம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. குவாரியை விட்டு வந்து இத்தனை வருஷம் ஆகிறதே, நான்தானே இழுத்துக்கொண்டு வந்தேன் என்று அந்த அம்மாவிடமே சண்டைக்குப் போனேன். "இவரு விட்டுட்டாரும்மா. அது விடல" என்றார் அவர். மருந்து என்று பெரிதாக எதுவும் இல்லை, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்றார்.

வெளியே வரும்போது இவர் கேட்ட ஒரே கேள்வி, மலை ஏறலாமா என்பது. டாக்டரம்மா சிரித்துவிட்டார். "நடங்க, நல்லது. ஆனா ஒண்ணு. மூச்சு வாங்காம ஒரு வாக்கியத்த முழுசாச் சொல்ல முடியுற வரைக்கும் ஏறலாம். பேச்சு பாதில ஒடஞ்சா அங்கயே உக்காந்துரணும். அதுக்கு மேல வீரம் காட்டக்கூடாது."

எங்களுக்கு இதைவிட வசதியான மருத்துவம் உண்டா. பின்னால் கதை ஓடிக்கொண்டிருந்தால் ஆள் நன்றாக இருக்கிறார். கதை நின்றால் நான் உட்கார்ந்துவிட வேண்டும். திரும்பிக்கூடப் பார்க்கத் தேவையில்லை. பாறையில் திரும்பிப் பார்ப்பது எனக்கு ஆபத்தும்கூட, காலடியைப் பார்த்து நடக்கவே எனக்குக் கண் போதாது.

முதலில் யானைமலை போயிற்று. ஒரு மாசி மாதத்தில் பாதிப் பாறையில், புல்லட்காரர் கதையின் நடுவில் அவருக்கு வாக்கியம் உடைந்தது. இறங்கி வந்து நரசிங்கம் கோவிலுக்குப் பக்கத்தில் மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். "பாதி தூரத்துக்கு முழுச்சோறு. லாபந்தான் போ" என்றார். நான் சிரிக்கவில்லை. பிறகு நாகமலை போயிற்று. பிறகு அழகர்மலை. மலைகள் அதனதன் இடத்தில்தான் இருந்தன, அவருடைய கணக்குதான் மாறிக்கொண்டே வந்தது. நேற்று வரை இட்லி மலையாக இருந்தது, அடுத்த பொங்கலுக்குள் கட்டுச்சோத்து மலையாகிவிட்டது. சமணர் மலைக்கு நான் புளிச்சோறு கட்டிய அன்றைக்கு அவர் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவைத்தார்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படி ஆரம்பிக்கிற இடத்தில், "இம்புட்டு வருஷமா நான்தான் தொண்டத்தண்ணி வத்தப் பேசிட்டு வாரேன். இன்னைக்கி நீ சொல்லு. நான் ம் கொட்டுறேன்" என்றார்.

எனக்குக் கதை சொல்ல வருமா என்ன. வாயைத் திறந்தால் சண்டைக்குத்தான் திறப்பாள் என்று இரண்டு குடும்பத்திலும் பெயர் வாங்கியவள் நான். நூலகத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து பேச்சே மறந்துபோன ஆள் வேறு. முதல் நாள் நாலு படிக்கு ஒரு வார்த்தை என்று திக்கித் திக்கிச் சொன்னேன். தோசைக்கல் கரி படிந்த விரலால் நூலகப் புத்தகத்தின் பக்கங்களைத் திருப்பியிருந்த ஒரு ஹாஸ்டல் பெண்ணைப் பற்றி. பின்னாலிருந்து "ம்" வந்தது. நான் அதுவரை கவனித்ததில்லை, ஒரு ம் எவ்வளவு தூரம் ஆளைத் தள்ளிக்கொண்டு போகும் என்று. அடுத்த வாரம் என் சித்தி கிணற்றில் விழுந்த கதை. அதற்கடுத்த வாரம் நானும் தங்கச்சிகளும் ஒரே தாவணியை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு ஸ்டூடியோவில் போட்டோ எடுத்த கதை. அவருக்குத் தெரியாத விஷயம் எனக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியம். ம், ம் என்று தவறாமல் வந்துகொண்டிருந்தது. என்னைப் பேசவிட்டுக் கேட்கிற ஒரு ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் முழங்கால் வலிகூட மறந்துபோயிற்று. உண்மையைச் சொன்னால், எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் அதிகம் சந்தோஷமாக இருந்தது அந்தச் சில மாதங்களில்தான்.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு நாள் அதை எடுத்தேன். சமணர் மலையில் சிற்பங்கள் இருக்கிற சுனையைத் தாண்டி, அடுத்த ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தோம்.

"ஒண்ணு சொல்லவா? நீங்க என்னையப் பொண்ணு பாக்க வந்தீங்கள்ல, அதுக்கு முன்னாடியே நான் உங்களப் பாத்திருக்கேன்."

"ம்."

"எங்கன்னு கேளுங்க."

"ம்."

"மேலூர் பஸ் ஸ்டாண்டுல."

"ம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் பூட்டி வைத்திருந்ததை எடுத்து வெளியில் வைக்கிறேன், இந்த மனுஷன் எங்கே எப்போது என்று ஒரு கேள்வி கேட்காமல் ம் கொட்டிக்கொண்டு வருகிறாரே என்று. நன்றாக நாலு கேட்டுவிடலாம் என்றுதான் திரும்பினேன்.

ரொம்பக் கீழே இருந்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருந்தார். உதடு நாவல்பழம் தின்றவர் உதடு மாதிரி இருந்தது. கழுத்து நரம்பு இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. நான் திரும்பியதைப் பார்த்ததும், அந்த நிலைமையிலும், வாயை மூடிக்கொண்டு இன்னொரு தரம் "ம்" என்றார்.

ம் சொல்ல மூச்சு வேண்டாம். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். வாக்கியம் உடைந்தால் உட்கார வேண்டும் என்றுதானே டாக்டரம்மா சொன்னார். வாக்கியமே பேசாதவருக்கு எது உடையும்? கதை சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டு, தன் சட்டப்படி முன்னால் போகாமல், அந்த ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு எத்தனை ஞாயிற்றுக்கிழமை என் முதுகுக்குப் பின்னால் இப்படி ஏறி வந்திருக்கிறாரோ. நானும் ம் வருகிறது, ஆள் நன்றாக இருக்கிறார் என்று கைவீசிப் போயிருக்கிறேன்.

ஓடி இறங்கி அவரைப் படியில் உட்காரவைத்துக் கத்தினேன். மேலே இருந்து இறங்கி வந்த ஒரு குடும்பம் ஓரமாக ஒதுங்கி, என்னைப் பார்த்துவிட்டுப் போனது. புருஷனை இப்படித் திட்டுகிறாளே என்று நினைத்திருப்பார்கள். திட்டத்தான் செய்தேன். அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு எப்போதும் திட்டுதான் வரும். வெகுநேரம் கழித்து அவருக்கு மூச்சு கொஞ்சம் அமர்ந்தது.

"ஒன் கதை நல்லாருந்துச்சு புள்ள" என்றார், விட்டு விட்டு. "பாதில நிறுத்தச் சொல்ல மனசு வரல."

நான் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேலூர்ல எங்க பாத்த?" என்று கேட்டார்.

"சொல்ல மாட்டேன்" என்றேன். "ஒடம்பத் தேத்திக்கிட்டு வந்து இந்த மலைய ஏறுங்க. மேல உக்காந்து மிச்சத்தச் சொல்றேன்."

"பேரமா?"

"பேரந்தான்."

அவர் சிரித்துவிட்டு இருமினார். அன்றைக்கு இறங்குவதற்கு நாங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் நாகமலையையே தாண்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு மலை இல்லை. ஆனையூர்க் கண்மாய்க் கரையில் நடந்தோம். பிறகு தெருமுனை வரைக்கும். பிறகு கேட் வரைக்கும். ஒர்க்‌ஷாப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம். ஆனால் அந்தக் கதையை மட்டும் அவர் விடவில்லை. சாப்பிடும்போது கேட்பார், நான் வேலைக்குக் கிளம்பும்போது கேட்பார். "மேலூர்ல நான் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தேன்? யார்கிட்டயும் சண்ட போட்டனா?" இல்லை என்பேன். "குடிச்சிட்டுக் கெடந்தனா? அப்பல்லாம் சம்பளத்தன்னைக்கு ரெண்டொரு தடவ உண்டு." அதுவும் இல்லை என்பேன். "பின்ன அப்பிடி என்னத்தப் பாத்த?" என்பார். கண்ணில் நிஜமாகவே ஒரு கலக்கம் தெரியும். தன்னை ஏதோ கோலத்தில் பார்த்துவிட்டுத்தான் இவள் வேண்டாவெறுப்பாகக் கழுத்தை நீட்டினாள் என்று அவர் மனதுக்குள் ஓடுவது எனக்குப் புரிந்தது. அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் அவர் ஏறிவருவதற்கு வேறு காரணமே மிச்சம் இருக்காது என்று எனக்கு ஒரு பயம். என்னிடம் அவரைப் பிடித்துவைக்க வேறு என்ன இருந்தது? மாத்திரையா? அதனால், "மலை ஏறுங்க, சொல்றேன்" என்றே சொல்லிவந்தேன்.

வீட்டுக்கு ஆக்ஸிஜன் மிஷின் வந்தது. கூடத்தில் ஒரு மூலையில் இரைந்துகொண்டே இருக்கும். அதிலிருந்து நீளமாக ஒரு ட்யூப், அவர் மூக்கு வரைக்கும். அந்த ட்யூப் எட்டுகிற தூரம்தான் அவருக்கு உலகம் என்று ஆயிற்று. மெக்கானிக் அல்லவா, அதையும் சும்மா விடவில்லை. மிஷினை மாடிப்படிக்குப் பக்கத்தில் நகர்த்திவைத்தால் ட்யூப் படியில் எவ்வளவு தூரம் எட்டும் என்று அளந்து வைத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை, "நாளைக்கிக் கட்டுச்சோறு கட்டு" என்றார்.

"எங்க போறதாம்?"

விரலை மேலே காட்டினார். "மொட்டமாடிக்கி. இன்னைக்கி நெலவரத்துக்கு நம்ம வீட்டு மாடிப்படிதான் எனக்குக் கட்டுச்சோத்து மலை. ஏறிட்டா நீ மிச்சத்தச் சொல்லணும்."

நான் புளியை ஊற வைத்தேன்.

காலையில் அவரே சவரம் பண்ணிக்கொண்டு, வெளியில் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டார். மெதுவாகப் போகிறவர்தான் முன்னால் என்பது சட்டம். அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் முன்னாலும், ட்யூபைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் பின்னாலும் ஏறினோம். ஒரு படி, உட்கார்ந்துகொள்வது, இன்னொரு படி. படி திரும்புகிற இடத்தில் ட்யூப் விறைத்து நின்றுவிட்டது. அதற்கு மேல் எட்டவில்லை. அவரும் அதற்கு மேல் ஏறுகிற நிலையில் இல்லை.

அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். படிக்கட்டு ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. "சரி, இம்புட்டு ஏறுனது போதும். சொல்லுறேன், கேளுங்க. மேலூர் பஸ் ஸ்டாண்டுல..." என்று ஆரம்பித்தேன்.

கையை நீட்டி என் வாயைப் பொத்திவிட்டார்.

"பாதில கேட்டா ஓசில கேட்ட மாதிரி" என்றார். "இன்னுங்கொஞ்சம் ட்யூப்பு வாங்கிச் சேத்தா மொட்டமாடிக்கே எட்டும். அடுத்த ஞாயித்துக்கெழம போவோம். பேரம்னா பேரந்தான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்தக் கதை தீர்ந்துவிடுமோ என்று என்னைப்போலவே அவருக்கும் பயம் இருந்திருக்கிறது. புளிச்சோற்றைப் பிரித்தேன். நாலு வாய் சாப்பிட்டார். நல்லெண்ணெய் கொஞ்சம் தூக்கல் என்று குறைவேறு சொன்னார்.

அந்த வாரத்திலேயே கல்லூரியிலிருந்து வரும் வழியில் மருந்துக்கடையில் சொல்லிவைத்து ட்யூபும் இணைப்பும் வாங்கிக்கொண்டு வந்தேன். கையில் வாங்கி இணைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கச்சிதமா இருக்கும்" என்றார். சனிக்கிழமை காலையில் காபி கொண்டுபோனபோது, மிஷின் இரைந்துகொண்டிருந்தது. அவர் இல்லை.

ஆட்கள் வந்தார்கள், மகள் வந்தாள், ஆகவேண்டியது எல்லாம் ஆயிற்று. யாரோ மிஷினை நிறுத்தினார்கள். வீடு அவ்வளவு அமைதியாக இருக்கும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. அதன் பிறகு நான் மொட்டைமாடிக்குப் போகவில்லை. துணியைப் பின்பக்கக் கொடியில் காயப்போட்டுக்கொள்கிறேன். மேலே தண்ணீர்த் தொட்டியில் ஏதாவது கோளாறு என்றால் ஆளை விட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

நூலகத்துப் பெண்ணுக்கு மறுநாள் பதில் சொன்னேன். முதல் தடவை என்றால் அரிட்டாபட்டிக்குப் போங்கள், ஒன்றும் கட்டிக்கொண்டு போக வேண்டாம். பழகியதும் சமணர் மலை, இட்லி கட்டிக்கொள்ளுங்கள். யானைமலைக்குப் போவதானால் விடிவதற்குள் ஏற ஆரம்பித்துவிடுங்கள், கட்டுச்சோறு கட்டாயம். மெதுவாக வருகிறவரை முன்னால் விடுங்கள். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ம், ம் என்றாள். "ம் மட்டும் சொல்லாதம்மா" என்றேன். "பின்னாடி வர்றவங்க ம் சொன்னா நம்பாதீங்க. திரும்பிப் பாருங்க. வழுக்குனாலும் பரவால்ல, ஒரு எட்டு திரும்பிப் பாத்துருங்க." அவளுக்கு என்ன புரிந்ததோ, "சரிங்கக்கா" என்றாள். பிறகு, "நீங்களும் எங்ககூட வாங்களேன்" என்றாள்.

"எனக்கு அன்னைக்கு வேற மலை இருக்கு" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புளிச்சோறு கிளறினேன். நல்லெண்ணெயைக் குறைத்துவிட்டேன். டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். படி திரும்புகிற இடத்தில் கொஞ்சம் உட்கார வேண்டியிருந்தது. பிறகு மீதிப் படிகளையும் ஏறிக் கதவைத் திறந்தேன். அந்தப் பக்கம் யானைமலை படுத்திருந்தது. தரையெல்லாம் வேப்பஞ்சருகு. ஓரமாகக் கூட்டித் தள்ளிவிட்டு உட்கார்ந்து, வாய்விட்டே சொன்னேன். பக்கத்து வீட்டு மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

காலேஜ் விட்டு ஊருக்குப் போக மேலூர்ல பஸ் மாறணும்ங்க. அன்னைக்கி ஒரு லாரில இருந்து குவாரி ஆளுக எறங்குனீங்க. தலையில இருந்து கால் வரைக்கும் அம்புட்டுப் பேரும் வெள்ள வெளேர்னு கல்லுத்தூசி. நீங்க டீக்கடைக்கி வந்து கிளாச வாங்குனீங்க. எம்பக்கத்துல ஒரு பொம்பள இடுப்புல இருந்த பச்சப்புள்ள உங்களப் பாத்து பயந்துபோய் வீல்னு அழுதுச்சு. மத்த ஆளுகளா இருந்தா சிரிப்பாங்க, இல்ல பூச்சாண்டி காட்டுவாங்க. நீங்க அதப் பாத்தீங்க. பாத்துட்டு அப்பிடியே செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க. எங்க பஸ் வந்து, அந்தப் புள்ள ஏறிப் போற வரைக்கும் செவுத்தப் பாத்துக்கிட்டேதான் நின்னீங்க. கிளாசுல டீ ஆறிப்போயிருக்கும். இடது காதுல வெட்டு மாதிரி ஒரு தழும்பு மட்டும் எனக்குத் தெரிஞ்சுச்சு. அப்பறம் ஒரு வருஷம் கழிச்சு, மொகம் நெறையப் பவுடர் அப்பிக்கிட்டு ஒரு மாப்பிள்ள வந்து எங்க வீட்டுல உக்காந்தாரு. படிப்புப் பத்தாது, வேணாம்னு சொல்லிரலாம்னுதான் எங்கப்பா இருந்தாரு. காபி குடுக்கக் குனிஞ்சப்ப அந்தக் காதப் பாத்தேன். உள்ள போயி எங்கம்மாகிட்ட, கட்டுனா இவரத்தான் கட்டுவேன்னு சொல்லிட்டேன். ஒரு நாள் பூராம் சாப்பிடாமக் கெடந்துதான் எங்கப்பாவச் சம்மதிக்க வச்சேன். யாரும் என்னையத் தள்ளிவிடலங்க. நான்தான் வந்தேன்.

சொல்லி முடித்துவிட்டேன். டப்பாவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ம் வரவேண்டிய இடம் அது.